மதிப்பிட வந்த கைகள்

வளர்ச்சி வங்கியின் கடனில் எழும்பிய இந்தப் பிரசவ நிலையத்தை மதிப்பிட நாங்கள் மூவர் தலைநகர் தூனிஸிலிருந்து வந்திருக்கிறோம். பாலங்கள் கட்டிய லுத்ஃபி சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்கிறார். தணிக்கையாளராக இருந்த ஹைக்கல் மின்விசிறிகளை எண்ணுகிறார். ஒரு காலத்தில் மருத்துவச்சியாக இருந்த நான் சும்மா நிற்கிறேன். என் கைகள்தான் நிற்க மாட்டேன் என்கின்றன. வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் முனகுகிறாள். முனகல்களுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வருவது எனக்கு மட்டும் கேட்கிறது.

திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறாள் இங்கே வேலை செய்யும் மருத்துவச்சி மொன்ஜியா. "அக்கா, புள்ளைக்குக் கால் முன்னால வருது. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"ரஃபீக்கா, நாம பாக்க வந்தவங்க. கை வச்சீங்கன்னா இந்த மதிப்பீட்டுல நீங்க இருக்க முடியாது," என்கிறார் ஹைக்கல்.

"இல்லாட்டி போகட்டும். நீங்க விசிறிய எண்ணுங்க."

கழுத்தில் தொங்கும் மதிப்பீட்டாளர் அட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டுச் சட்டைக் கையை மேலேற்றுகிறேன். ஜன்னல் வெயிலில் கைகழுவும் தொட்டி புதிதாகப் பளபளக்கிறது. குழாயைத் திருகுகிறேன். அது இருமிக் காற்றைத் துப்பிவிட்டு அடங்குகிறது. லுத்ஃபியின் கை சுவரிலேயே நின்றுவிடுகிறது.

"அது திறப்பு விழாவன்னிக்கு வந்ததோட சரி," என்றபடி மொன்ஜியா ஒரு தண்ணீர் வாளியைக் காலால் என் பக்கம் தள்ளுகிறாள்.

ஹைக்கல் ஒரு கணம் தயங்குகிறார். பிறகு அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டு, குவளையில் நீரை மொண்டு என் கைகளில் ஊற்றுகிறார். அவை அமைதியாகின்றன.