செம்பனைச் சக்கையில் வெனிலா

“செஞ்சவங்க மூக்கை நம்பவே கூடாது. சீதா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க!” என்றாள் உமையாள்.

கார்த்திகேசு வாசலையும் உமையாளையும் மாறி மாறிப் பார்த்தான். சீதாவை எதற்கு வெளியே அனுப்புகிறாள் இந்த மகராசி?

பிரிக்பீல்ட்ஸில் கேக் கடைகளுக்கு எசன்ஸ் விற்கிறவள் உமையாள். பந்திங்கில் இருக்கும் இந்தத் தகரக் கொட்டகை வரைக்கும் அவள் காரோட்டி வந்ததே பெரிய விஷயம். எண்ணெய் ஆலை தூக்கிப் போடும் செம்பனைச் சக்கையை டிரம்மில் ஊறப்போட்டு, அதில் வெள்ளைப் பூஞ்சை வளர்த்து, பூஞ்சை தின்று கரைத்த சாற்றிலிருந்து வெனிலா வாசனை எடுக்கிறாள் கார்த்திகேசுவின் மனைவி சீதாலெட்சுமி. அதற்காகக் கிள்ளானில் பார்த்த லேப் வேலையையும் விட்டாயிற்று. சொந்தபந்தமெல்லாம் வாய்விட்டுச் சிரித்தது. இன்று உமையாள் வேண்டாம் என்றால் கொட்டகையைப் பூட்டிவிடுவதாக இருக்கிறாள் சீதா, பாவம்.

“ஆசையில எனக்கு எல்லாமே வெனிலாவாத்தான் தெரியுது. நீங்க சொல்லுங்க” என்பாள் சீதா. அதனால் ஒவ்வொரு டிரம்முக்கும் தீர்ப்பு சொல்வது லோரி ஓட்டும் கார்த்திகேசுதான். அவன் “ஆச்சு” என்றால் வடிப்பாள், “இன்னும் இல்ல” என்றால் விட்டுவிடுவாள். இதுவரை ஒருதடவைகூடத் தப்பியதில்லை.

“நீங்க குடுத்த சாம்பிள் அருமை, ஒத்துக்கிறேன்” என்றாள் உமையாள். “ஆனா அடுத்த டிரம் எப்படி வரும்? யாரு கேரண்டி? அண்ணன் மூக்குதான் மெஷின்னு சொல்றீங்க. சரி, மெஷினை டெஸ்ட் பண்ணிடுவோம் லா! கரெக்டா சொன்னா மாசாமாசம் எனக்குத்தான் சப்ளை.”

பெயர் ஒட்டாத நாலு பாட்டில்களை மேசையில் வைத்தாள். ஒன்றில்தான் அந்தச் சாம்பிள். மற்ற மூன்றும் இன்னும் ஆகாத டிரம்களில் எடுத்த அரைவேக்காடு.

“சீதா இல்லாம நான் மோந்து பார்க்க மாட்டேன் மேடம்!”

“என்னண்ணே இது கூத்து?”

“பழக்கமாயிடுச்சு. அவதான் தொறந்து நீட்டணும். வாயே தொறக்க மாட்டா, சத்தியம்!”

உமையாள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கல்யாணமாகி எத்தனை வருஷம்? அடேங்கப்பா! வாங்க சீதா, வாயை மட்டும் மூடிக்கங்க.”

சீதா வெட்கத்தில் நெளிந்துகொண்டே வந்தாள். முதல் பாட்டிலைத் திறந்தாள், மனசு கேட்காமல் தானும் ஒருமுறை மோந்துவிட்டு நீட்டினாள். கார்த்திகேசு கொட்டகையே அதிர உறிஞ்சினான்.

“இல்ல.”

இரண்டாவது. “ம்ஹூம்.”

“கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்கண்ணே, அப்பத்தான் நல்லாத் தெரியும்” என்றாள் உமையாள்.

“ஐயோ, மூடினா எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம்!”

மூன்றாவது பாட்டில் வந்தது. கார்த்திகேசு துள்ளிக் குதித்தான். “இதான்! ஐஸ்கிரீம் கடைக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு! நாலாவதெல்லாம் வேணாம், கொண்டுபோங்க!”

பாட்டிலின் அடியில் தான் போட்டிருந்த புள்ளியைப் பார்த்த உமையாள் கைதட்டிக் கூவினாள். “அடி சக்கை! ஆர்டர் உங்களுக்குத்தான்! அண்ணே, லோரியை விட்டுட்டு நம்ம கடைக்கு வந்துடுங்க. இந்த மூக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும் லா!”

சீதா புருஷனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு டிரம்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தாள். “நான் என் மூக்கை நம்பலைங்க, உங்க மூக்கைத்தான் நம்பினேன்!” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கார்த்திகேசுவும் அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தான். அவனுக்குக் கோவிட் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அந்த மூக்கில் எந்த வாசனையும் ஏறுவதில்லை; இத்தனை நாளும், சற்று முன்பும், பாட்டிலைத் திறந்ததும் சீதாவின் முகம் சுருங்குகிறதா மலர்கிறதா என்று பார்த்துத்தான் அவன் தீர்ப்பு சொல்லியிருந்தான்.