கழுகுன்னு சொல்லணும்

சேணம் வந்துவிட்டது.

சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். அப்பாவுடைய சேணமேதான். ஒரு பக்கம் கால் வைக்கும் அங்கவடி அறுந்து தொங்கியது. வாரில் ஒட்டியிருந்த சேறு இன்னும் காயவில்லை.

"எர்மெக் எங்கே?" என்றேன்.

எர்மெக் என் தம்பி. எங்கள் மலையூர் நாரினிலிருந்து கணவாய் தாண்டி வந்துகொண்டிருந்தான். எங்கள் நாடகத்தில் செத்துப்போகிறவனின் குதிரைக்குப் பழைய சேணம் ஒன்று வேண்டும் என்று நான்தான் போனில் கேட்டிருந்தேன். "நானே கொண்டாறேன். முன் வரிசையில உக்காந்து, நீ அந்த ஊர்ல என்னதான் பண்றேன்னு பாக்கறேன்" என்று சிரித்தான்.

நான் தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்து எத்தனையோ நாடகம் ஆயிற்று. வீட்டிலிருந்து ஒருவர்கூட ஒன்றையும் பார்த்ததில்லை.

"மொதல்ல உக்காரு, புருல். இந்தக் காட்சியை முடிச்சிடுவோம்," என்றார் குபாத் அண்ணன். இந்த நிலவறை நாடகக் குழுவை நடத்துகிறவர் அவர்தான்.

வழக்கமாக எல்லோரும் வேலை முடிந்து சாயங்காலம்தான் ஒத்திகைக்கு வருவோம். இன்று காலையிலேயே கூப்பிட்டு விட்டிருந்தார். அரங்கேற்றம் நெருங்கிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தேன்.

நாடகத்தை எல்லோரும் சேர்ந்துதான் எழுதினோம். ஆளுக்கொரு காட்சி. இது என் காட்சி.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை நேராகச் சொல்லமாட்டார்கள். வருவார்கள், உட்காருவார்கள், வேறு எதையோ சொல்வார்கள். செத்தது அப்பா என்றால் மலை சரிந்துவிட்டது. புருஷன் என்றால் கழுகு கையைவிட்டுப் பறந்துவிட்டது. தம்பி என்றால் குட்டிக்குதிரை மந்தையை விட்டுப் போய்விட்டது.

மூன்று தடவை சொல்வார்கள். முதல் இரண்டு தடவையும் கேட்கிறவள் சும்மா பேச்சு என்று இருந்துவிடலாம். மூன்றாவது தடவைக்குப் பிறகு இருக்க முடியாது. அதுவரை வந்தவர்கள் டீயைத் தொடமாட்டார்கள்.

செய்தி கொண்டுவருகிறவனாக நடிப்பவன் திலெக். நகரத்துப் பிள்ளை. ஒவ்வொரு ஒத்திகையிலும் கழுகுக்குப் பதிலாகக் குட்டிக்குதிரை என்பான்.

"டேய், புருஷனைச் சாகடிக்கச் சொன்னா தம்பியைச் சாகடிக்கிறியே!" என்று கத்துவேன்.

"யாரா இருந்தா என்னக்கா, அழப்போறது பெகிமாய்தானே," என்றபடி டீக்கிண்ணத்தை எடுத்து மடக்கென்று குடித்துவிடுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மனைவியாக நடிக்கும் பெகிமாய், முதல் தடவை சொன்னதுமே அழ ஆரம்பித்துவிடுவாள். "இன்னும் ஒண்ணுமே சொல்லலையேடி" என்று அவளையும் திட்டுவேன். ஆனால் மூன்றாவது தடவை வரைக்கும் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்கும் தெரியவில்லை. தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

"பெகிமாய்க்கு வரலை," என்றார் குபாத் அண்ணன். "இன்னைக்கு அந்த இடத்துல நீ உக்காரு. திலெக்கோடதை நானே சொல்றேன்."

சரி, செய்து காட்டினால்தான் இவர்களுக்கு விளங்கும் என்று கம்பளத்தில் உட்கார்ந்தேன். பெகிமாய் எனக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"முன்னாடி போய் நின்னு பாருடி. இங்கேர்ந்து என் மூஞ்சி எப்படித் தெரியும்?"

அவள் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குபாத் அண்ணனும் திலெக்கும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் டீ ஊற்றி வைத்தேன்.

"குட்டிக்குதிரை மந்தையை விட்டுப் போயிடுச்சு," என்றார் குபாத் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களுமா அண்ணே? இவன்கூடச் சேந்து கெட்டுப்போயிட்டீங்க. புருஷனைச் சாகடிக்கச் சொன்னா தம்பியை..."

யாரும் சிரிக்கவில்லை.

திலெக்கைப் பார்த்தேன். அவன் கம்பளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குட்டிக்குதிரை மந்தையை விட்டுப் போயிடுச்சு, புருல்."

நாடகத்தில் வரும் பெண்ணுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.

"கழுகு," என்றேன். "கழுகுன்னு சொல்லணும், அண்ணே."

பெகிமாய் என் கையை இறுக்கினாள். சேணம் இருந்த சுவர்ப் பக்கம் பார்வை போகாமல் பார்த்துக்கொண்டேன்.

குபாத் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மூச்சை இழுத்தார்.

"டேய் திலெக்," என்றேன் அவசரமாக. "டீ ஆறுதுடா. எப்பவும் குடிப்பியே. குடிடா. நான் திட்டமாட்டேன்."

அவன் கிண்ணத்தைத் தொடவில்லை.