பீப்பாய்ச் சாயம்

வீரபாண்டிச் சாயப்பட்டறை ஆபீசுக்குள்ள எட்டிப் பாருங்க கண்ணுகளா. மேசைமேல் சாயங்கால வெயிலில் தேன் நிறமாக மின்னுகிறது ஒரு விஸ்கி பாட்டில். பக்கத்தில், சாயம் போகிறதென்று ஸ்காட்லாந்து வியாபாரி டங்கன் காலையில் ரிஜெக்ட் பண்ணின சிவப்பு பனியன் மூட்டை. அது திரும்பினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். முதலாளி ராசப்பன் அந்த மூட்டையின் முடிச்சையே நெருடிக்கொண்டிருக்கிறார். மனசு கேட்காமல் டங்கன், தன் ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த விஸ்கியை ஆளுக்கொரு கிளாசில் ஊற்றுகிறார். சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுகிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்கிறார். ராசப்பனும் முகர்ந்து, "வெல்லம் காச்சற ஆலைப் புகையாட்ட இருக்குதுங்க" என்கிறார். ஒரு வாய் உறிஞ்சியதும் காது வரைக்கும் காந்துகிறது. "சோடா இருக்குதுங்களா?" இங்கிலீசில் எடுத்துச் சொல்ல நிற்கும் ஆபீஸ் பெண் எஸ்தர் அதை மட்டும் டங்கனிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டு, அவர் பாட்டிலைக் காட்டிச் சொல்வதைத் தமிழில் சொல்கிறாள். "ஒரே பட்டறையில பார்லி வச்சுக் காச்சினதாம் அண்ணாச்சி. பன்னெண்டு வருசம் பீப்பாயில ஊறுச்சாம். கலர் அந்த மரம் குடுத்ததாம்." கலர் என்றதும் ராசப்பன் கை, பழக்கதோஷத்தில், வெள்ளைத் துணித்துண்டைக் கிளாசில் முக்கி வெயிலில் விரிக்கிறது. துண்டு பழுப்பாகியிருக்கிறது. "பன்னெண்டு வருசம் ஊறியும் சாயம் உடுதுங்களே. என்னுது ஒரு ராத்திரிதானுங்க ஊறுச்சு." எஸ்தர் பயந்து பயந்து இங்கிலீசில் சொல்கிறாள். டங்கன் துண்டை வாங்கி, ஒரு சொட்டும் வீணாகாமல் ராசப்பன் கிளாசிலேயே பிழிகிறார். தோள் குலுங்கச் சிரித்தபடி மூட்டையைக் காட்டி ஏதோ சொல்கிறார். "இன்னொரு தடவ அலசிக் குடுத்தா எடுத்துக்கிடுதாராம்" என்கிறாள் எஸ்தர். ராசப்பன் கிளாசை எடுத்து மெல்ல உறிஞ்சுகிறார். சோடா இல்லாமலேயே இனிக்கிறது.