முதுகு காட்டிய மனிதன்

“யாரு இந்த ஆளு?” என்று இடப்பக்கச் சுவரிலிருந்த படங்களைக் காட்டிக் கேட்டான் லீவன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வேர்லா கையிலிருந்த சீஸ் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள். கென்ட் நகரத்தில், ஆற்றோரத்துப் பழைய நூற்பாலையில் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. விவாகரத்துக்குப் பிறகு முன்னாள் கணவன் லீவன் முதல்முறையாக அவள் முன்னால் வந்து நிற்பதும் அன்றைக்குத்தான்.

லீவன் ஓவியக் கல்லூரியில் கோட்டோவியம் சொல்லிக்கொடுக்கிறவன். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரைப் பார்த்து உதட்டைச் சுழித்திருந்தான். சுண்ணாம்பும் மணலும் மெழுகும் குழைத்து, விரல் தடிமனுக்கு அப்பி, கரண்டியால் சுரண்டிய பெரிய சாம்பல் நிறப் பலகைகள். உருவம் என்று ஒன்றும் கிடையாது.

“இந்தக் கொத்தனார் வேலையை இன்னும் நீ விடலையா? வரையத் தெரியாதவங்கதான் இப்படிப் பூசி மெழுகுவாங்கன்னு அப்பவே சொன்னேன்.”

இடப்பக்கச் சுவர்தான் அவன் வாயை அடைத்தது. அங்கே அத்தனையும் பென்சில் படங்கள். வெள்ளைத் தாளில் ஒரே ஆணின் முதுகு. நாளிதழ் படிக்கும்போது, சூப் குடிக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்போது. பிடரி முடி ஒவ்வொன்றும் தொட்டால் குத்தும் போலிருந்தது.

“இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டே? நீ பென்சிலை எடுத்து நான் பார்த்ததே இல்லையே.”

“நீ பார்த்ததில்லை,” என்றாள் வேர்லா.

குறை சொல்ல ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை. அதனால் படத்தில் இருந்த ஆளைப் பிடித்துக்கொண்டான்.

“இவனைத்தான் பிடிச்சியாக்கும். உச்சந்தலையில பிஸ்கட் அளவுக்கு வழுக்கை, கழுத்துல கொழுப்பு மடிப்பு. தோளைப் பாரு, இவன் வந்தா ஊரே எழுந்து நிக்கணும்ங்கிற மாதிரி ஒரு விறைப்பு.”

“நல்லாத்தான் கவனிக்கிறே.”

“எத்தனை நாளாப் பழக்கம்?”

“ரொம்ப வருஷமா.”

“அப்ப, நாம சேர்ந்து இருந்தப்பவேவா?”

“ஆமா. நம்ம வீட்லயேதான்.”

லீவனின் காதுமடல் சிவந்தது. குரல் உயர்ந்ததும் நாலைந்து பேர் திரும்பினார்கள். அவனுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், சிரிப்பை பியர் கோப்பைக்குள் அடக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

“பாரு, உன் ஆளைப் பார்த்து ஜனங்களே சிரிக்குது. இவனுக்கு மூஞ்சின்னு ஒண்ணு கிடையாதா? எதுல பார்த்தாலும் முதுகு.”

இந்தக் கேள்விக்கு மட்டும் வேர்லா கொஞ்சம் நிதானித்துப் பதில் சொன்னாள்.

“என் பக்கம் திரும்பினாத்தானே வரையறதுக்கு? நான் என்ன பேசினாலும் அந்த முதுகுகிட்டதான் பேசணும். அது அலுத்துப்போச்சுன்னா சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுவரைத்தான் எதிர்ப்பக்கம் மாட்டியிருக்கேன்.”

லீவனுக்கு மனம் குளிர்ந்தது. தன்னை விட்டுப் போனவள் இன்னொருவனிடம் நன்றாகவே பட்டிருக்கிறாள்.

“உனக்கு நல்லா வேணும். பொண்டாட்டி மாதிரி ஒருத்தி பேசறப்பத் திரும்பிப் பார்க்கக்கூடத் தெரியாத மரக்கட்டை. இவன்கூட எவ வாழ்வா?”

“வாழ முடியலைதான்,” என்றாள் வேர்லா.

அவன் வெற்றியோடு அவளிடமிருந்து திரும்பி, கடைசிப் படத்தின் முன்னால் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நின்றான். அந்த மரக்கட்டையை இன்னொரு முறை ஏளனமாகப் பார்க்க ஆசை.

மழைக்கோட்டு சொட்டச் சொட்ட அப்போதுதான் உள்ளே வந்த ஒரு பெண்மணி, சுவரோரமாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். லீவனின் முகத்தை அவள் இன்னும் பார்க்கவேயில்லை. பின்னாலிருந்து அவன் தோளை மெல்லத் தொட்டாள்.

“மன்னிச்சுக்கங்க, இந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானே?”