குச்சியில் பதிந்த பல்

ஒகீட்டோவை லொக்கெனியே ஆறு கொண்டுபோயிற்று, உடல் கிடைக்கவில்லை. இழவு ஆட்டத்துக்கு அவனுடைய முகமூடியைத் தம்பி ஷுங்கு அணிந்தான். கடித்துப் பிடித்துக்கொள்ள முகமூடிக்குள் ஒரு குச்சி இருக்கும். ஆள் மாறினால் குச்சியும் மாற வேண்டும். ஒகீட்டோவின் மனைவி ஓம்பாதான் புதிதாகச் சீவிக் கட்டினாள்.

ஆட்டம் முடிந்து அவிழ்த்தபோது குச்சியில் பல் பதிந்திருந்தது. நடுவில் மட்டும் தடமில்லை.

“தம்பி, வாயைத் திற.”

“ஆடா வாங்கப் போறீங்க அண்ணி, பல்லப் பாக்க?”

அவனுக்கு எல்லாப் பல்லும் இருந்தன. முன்பல் இரண்டும் இல்லாதவன் ஒகீட்டோதான்.

“இப்படியா அழுத்திக் கடிப்பே?”

“நான் எங்க கடிச்சேன்? அது தானா நின்னுச்சு.”

ஓம்பா அந்தக் குச்சியை எடுத்து இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

பிறை தெரிந்த அன்று மறுபடி ஆட்டம். அவள் குச்சிக்குப் பதிலாக ஒரு கரும்புத் துண்டைக் கட்டினாள்.

“என்ன அண்ணி இது?”

“பேசாம ஆடு. அவருக்குப் பிடிக்கும்.”

ஆடி முடித்த ஷுங்கு, உதடு வெடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தான். ஓம்பா முகமூடியைத் திருப்பிப் பார்த்தாள். கரும்பு சக்கையாகியிருந்தது. நடுவில், இரண்டு பல் அகலத்துக்கு மட்டும், சாறு அப்படியே இருந்தது.