ஒரு கணு தண்ணீர்

வாடகை அறையின் ஒற்றை அடுப்பில் பருப்பு தளதளவென்று கொதிக்கிறது. கடை சாத்தும் நேரத்தில் பாதி விலைக்கு வாங்கிய வாடிய கீரையை மாணவி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். கையில் இருப்பதை வைத்து வயிறாரச் சாப்பிட அவளுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தவள் அம்மா. போன மாதம் அம்மா இறந்துவிட்டாள். இன்று போனில் அப்பா, முதல் முறையாகத் தன் வீட்டு அடுப்பின் முன் நிற்கிறார். “குட்டிம்மா, பருப்புக்குத் தண்ணி எவ்வளவு ஊத்தணும்?” “பருப்பு மேல விரலை வச்சுப் பாருங்கப்பா. ஒரு கணு முங்கினா போதும்.” “யார் விரலு? என்னோடதா, அம்மாவோடதா?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரலைப் பார்க்கிறாள். போனுக்குள் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது.