ஆறு மணிக்கு அணைச்சிடுங்க

"எதிர்வீட்டு அக்கா வந்தாங்க. சாயந்திரம் ஆறு மணியானா நம்ம வைஃபையை அணைச்சிடணுமாம்."

மனைவி சொன்னதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடிவந்து முழுசா ஒரு வாரம் ஆகலை, அதுக்குள்ள நாட்டாமையா? நம்ம காசு, இன்னைக்குத்தான் போட்ட நம்ம நெட்டு. முடியாதுன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. எனக்குச் சண்டை வராது."

"என்கிட்ட மட்டும் நல்லா வரும்."

ஆறு மணிக்கு வாசலில் பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தான். அந்த மாடியின் அத்தனை வீட்டுக்காரர்களும் நடையில் நின்று அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டார்பா, எட்டுக் கொம்பு ரூட்டர்!" என்றார் ஒருவர்.

"கிண்டல் இருக்கட்டும் சார். நான் எதுக்கு அணைக்கணும்?"

"இங்க வாங்க தம்பி" என்று எதிர்வீட்டு அக்கா அவனைப் பக்கத்து வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனாள்.

திறந்த கதவு வழியே தெரிந்தது. ஓர் அம்மா போனை நிமிர்த்தி வைத்து அதன் முன் உட்கார்ந்திருந்தார். திரையில் ஓர் இளம்பெண். தூக்கிய அவள் விரல்கள் பாதியில் உறைந்திருந்தன.

"இவங்களுக்குக் காது கேக்காது, வாயும் பேச வராது. பொண்ணுக்கும் அப்படித்தான். தூர தேசத்துல இருக்கா, நிறைமாசம். ரெண்டு பேருக்கும் பேச்சுன்னா அந்தப் படம்தான். படம் நின்னா பேச்சு நின்னுடும்."

"அதுக்கு என் வைஃபை என்ன பண்ணுச்சு?"

"எல்லார் வீட்டு அலையும் ஒண்ணோட ஒண்ணு மோதுது. சேனல் மாத்திப் பார்த்தோம், இத்தனை வீட்டுக்குப் பத்தலை. அதான் இந்த நேரத்துல எல்லாரும் அணைச்சிடுவோம். இப்போ நடுச்சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கத்தறது உங்களோடது மட்டும்தான்."

அவன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான்.

திரையில் விரல்கள் அசைந்தன. பேசின. எதையோ சொல்லிச் சிரித்தன. அந்த அம்மாவின் கைகள் அதே வேகத்தில் பதில் சொல்லின. இத்தனை பேச்சு, ஒரு சத்தமில்லை. அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும், நடையில் நின்ற யாரும் வாய் திறக்கவில்லை.

"நீங்க இப்படிச் செய்யறது அவங்களுக்குத் தெரியுமா?" என்றான் மெதுவாக.

"தெரிஞ்சா நாளையிலேர்ந்து பொண்ணைக் கூப்பிடவே மாட்டாங்க."

பேசி முடித்துவிட்டு அந்த அம்மா வெளியே வந்தார். அவனைப் பார்த்ததும் முகம் வாடியது. நடையில் நின்றவர்களைக் காட்டிக் கைகளை மடமடவென்று அசைத்தார்.

"என்னக்கா சொல்றாங்க?"

எதிர்வீட்டு அக்கா அந்தச் சைகையை வாய்விட்டுச் சொன்னாள்.

"'பாவம், உங்களுக்கும் இந்த நேரத்துல நெட் போயிடுதா? இவங்களுக்கும் தினமும் இதே கதைதான். என் வீட்டுல மட்டும் ஜம்முன்னு வருது. சங்கடப்படாம என்னோடதைப் போட்டுக்கோங்க'ங்கறாங்க."